காட்சிச்சாலையிற் கேட்ட வினா

திருக்கோயிலுக்கு உரியதாகிய திருமேனி ஒன்று காட்சிச்சாலையிற் கொண்டு வைக்கப்படின் அதனை வழிபடுதல் முறையோ? வெறுங் காட்சிப்பொருளாகக் கண்டு போதல் முறையோ? முதல்வன் ஆண்டு உளனோ, இலனோ? இவ்வினா இக்காலத்துச் சைவ நன்மக்கள் பலர் உள்ளத்தும் எழுவதொன்று. எழினும் பெரும்பாலார் அதனை ஆராயாது விடுகின்றனர். ஒருசாரார் பிறர் காணக் கைகூப்ப நாணுகின்றனர். மற்றொருசாரார் கைகூப்பிவிட்டு அவ்வளவில் அமைகின்றனர். இரண்டும் எண்ணிச் செய்தன அல்ல. ஆகலின், அண்மையில் யாம் கண்டவற்றை முன்னிட்டு இவ்வினாவைச் சித்தாந்த நூனெறி நின்று சிறிது ஆராய்வாம்.

மாணவர் ஒருவரோடு யாம் திருவள்ளூருக்கு அணித்தாகிய பூண்டிக்குச் சென்றிருந்தோம். கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற ஆண்டை நீர்த்தேக்கம் சென்னை மாநகர்க்குக் குடிநீர் உதவுவது. சத்தியமூர்த்தி சாகரம் எனப் பெயர் பெற்றது. அந்நீர்ப்பரப்பு இன்று மூடியிருக்கும் நிலத்திலேதான், தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் ஒன்றாகிய திருவெண்பாக்கத்துத் திருக்கோயில் முன்னர் இருந்தது. நீர்த்தேக்கத்தின்பொருட்டு அக்கோயில் தன் பழைய இடத்தை இழந்தது. பின்னர்ப் பூண்டியிற் புதிதாக எடுக்கப்பெற்று 1968-ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது. சுவாமி திருநாமம் ஊன்றீசுவரர். அம்மை திருநாமம் மின்னொளியம்மை.

இத்தலத்து நிகழ்ச்சி அன்பர் யாவரும் அறிந்ததே. சங்கிலியார்க்கு உரைத்த சூளுறவு தப்பித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தமையாற் கண்ணிரண்டும் மறையப்பெற்ற நம்பியாரூரர், தடுமாறி இவ்விடத்தை அடைந்தார். அடைந்து, இறைவன் இக்கோயிலில் எழுந்தருளியிருக்கின்றனனோ என்று அவனையே வினவினார். இருக்கின்றோம், மேலே செல்க என்னும் அளவிற் சுருங்கியதொரு விடை பிறந்தது. ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது. அவர் வழிநடத்தற்கு அம்மை மின்னலாய் ஒளி காட்டினள் என்பது தலவழக்கு. கண்ணில்லாதவர், காணுதற்கில்லாத ஒன்றனை, உளதோ என்று கேட்டார் என்பதனை அன்பர்கள் ஈண்டு மனத்திற் கொள்க. இதனைப் பின்னர் வேண்டுவேம்.

அவ்வூரிலேயே அரசினர் தொல்லியல் துறையார் 1985-ஆம் ஆண்டில் அமைத்த காட்சிச்சாலை ஒன்றும் உளது. அதன்கண் வைக்கப்பட்டிருப்பன பெரும்பாலும் கல்லாற் செய்த கருவிகள்: கைக்கோடரிகள், பிளக்குங் கருவிகள், சுரண்டிகள் முதலாயின. 1863-ஆம் ஆண்டிற் புரூசு பூட்டு என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் இத்தகைய கருவியொன்றை முதன்முதற் கண்டார். அவ்வாண்டிலேயே அவரும் அவர்தம் துணைவராகிய கிங்கு என்பாரும் இப்பக்கத்து அத்திரம்பாக்கத்திற் பலவற்றைக் கண்டனர். அவ்வத்திரம்பாக்கத்தை அண்மைக் காலத்தில் அகழ்ந்தாய்ந்த சாந்தி பப்பு முதலிய அறிஞர்கள், ஆண்டுள்ள மிகப் பழைய கருவிகளின் தொன்மை ஏறத்தாழப் பதினைந்து இலக்கம் ஆண்டு என்று 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

உயிர்கள்பொருட்டுத் தனு கரண புவன போகங்கள் படைத்தளிக்கப்பட்டன என்பது நம் கொள்கை. கையும், கைக்கேற்ற கல்லும், அக்கல்லை இவ்வாறு தட்டுக என்று உணர்த்திய உள்ளுணர்வும் எத்துணைக் காலத்துக்கு முன்னரே உயிர்க்கு உதவப்பட்டன என்பதை அக்கற்கள் உணர்த்தாநின்றன. இவ்வகையாற் காட்சிச்சாலை சைவனுக்குப் பகையன்று. உண்மையாகக் காணவல்லார்க்கு அது திருவருளின் வரலாற்றில் ஓர் ஏடேயாம்.

எனினும், அக்கற்களைப்பற்றி நம் வினா எழுதற்கு இடமில்லை. அவை தொழிற்குரிய கருவிகளேயன்றி வழிபாட்டுக்கு உரியனவாகக் காணப்படாமையின். ஆயின், அப்பக்கத்துக் குடியம் என்னும் ஊரின்கட் பாறைக்குகைகள் உள. அவற்றையும் 1962 முதலாகச் சில ஆண்டுகள் தொல்லியலார் அகழ்ந்து, பழங்கருவிகளை எடுத்துச் சென்றனர். அக்குகையுள் ஊரார் வழிபடும் அம்மன் இன்றும் இருக்கின்றாள். அங்கிருந்த கருவிகள் எண்ணிடப்பெற்றுப் பெயர்ச்சீட்டு ஒட்டப்பெற்றன. அம்மனோ, எண்ணும் சீட்டும் இன்றி, மஞ்சளும் விளக்கும் பெறுகின்றாள். காட்சிப்பொருளும் வழிபடுபொருளும் ஒரே பாறை நிழலில் இருந்து வேறு வேறு வழிச்சென்றமையை அவ்விடத்துத் தெளிவாகக் காணலாம்.

இனி, நம்பியாரூரர் வெண்பாக்கத்தினின்று சென்று திருவாலங்காட்டின் அயலிலே நின்று தொழுதார். யாமும் அவ்வழியே ஆலங்காடு சென்று தொழுதோம். அது காளியின் உறைவிடமாய், அவளொடு இறைவன் ஆடிய இடமாய், காரைக்காலம்மையார் தலையால் நடந்து திருவடிக்கீழ் அமர்ந்த பதியாய் விளங்குவது. காளியை முன்னர் வணங்கிப் பின்னர் இறைவனை வணங்குதல் ஆண்டை மரபு. இரத்தினசபையில் ஊர்த்துவ தாண்டவத் திருமேனி நாடோறும் பூசை கொள்கின்றது. ஆயின், திருவாலங்காட்டு நடராசர் என்று உலகத்துக் கலைவாணர் கூறுவது அத்திருமேனியை அன்று. அவர் கூறுவது, அவ்வூரிலிருந்து வந்து, 1851-ஆம் ஆண்டிற் றோன்றிய சென்னை எழும்பூர் அரசினர் காட்சிச்சாலையில் இருக்கும் ஆனந்தத் தாண்டவச் செப்புத் திருமேனியையே. பிரெஞ்சு நாட்டுச் சிற்பியாராகிய ரோதேன் என்பார் அதன் நிழற்படங்களைக் கண்டு வியந்து 1913-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தனர். அது 1921-ஆம் ஆண்டில் அச்சேறியது.

சில நாட்களின்பின் யாங்கள் எழும்பூருக்குச் சென்று அத்திருமேனியின் முன் நின்றோம். மாணவர் எம்மை நோக்கி, "ஐயா, ஈண்டு வணங்கலாமோ?" என்றார். யாம் விடை கூறுதற்குள் முதிய அம்மையார் ஒருவர் எமக்கு அருகில் வந்தார். தம் மிதியடிகளைச் சுவரோரத்திற் கழற்றி வைத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீறு சிறிது எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, சற்றுநேரம் கைகூப்பி நின்றார். பின்னர் மாணவரை நோக்கி, "தம்பி, இது எந்த ஊர்ச் சாமி?" என்று கேட்டார். மாணவர் பெயர்ச்சீட்டைப் படித்து, "திருவாலங்காடு, அம்மா" என்றார். அம்மையார், "அங்கே விளக்கு எரிகிறதா?" என்றார். எரிகின்றது என்று யாம் கூறக் கேட்டு, "அப்படியானால் சரி" என்று சொல்லிச் சென்றுவிட்டார்.

அவ்வொரு வினா எம் ஆராய்ச்சி முழுவதினும் ஆழமுடையதாகப் பின்னர்த் தோன்றிற்று. அதன் ஆழத்தை அறிதற்குப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றனை ஒப்பிட்டுக் காண்பாம்.

யவன நாட்டில் ஏதென்சு நகர்க்கு மேற்கே எலூசிஸ் என்பதோர் ஊர் உளது. ஆண்டு விளைவுக்குரிய தாயாகிய டெமீட்டர் என்னுந் தேவியின் கோயில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மாந்தர் ஆண்டுச் சென்று மறைவாக நிகழ்த்தப்பெறும் தீக்கை பெற்று மீண்டனர். ஆண்டுக் கண்டதைப் புறத்தார்க்கு உரைத்தல் பெருங்குற்றமாக எண்ணப்பட்டது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அரசர் ஆணையாற் பழைய வழிபாடுகள் தடுக்கப்பட்டன. படையெடுப்பாற் கோயிலும் அழிந்தது. அவ்வூரார் கிறித்தவராயினர். ஆயினும், இடிபாட்டிடையே எஞ்சிக் கிடந்த பெண்ணுருவச் சிலையொன்றை அவர்கள் விட்டிலர். தம் வயல்கள் விளைவது அவளாலென்று நம்பி, எருவை அவளைச் சுற்றிக் குவித்தும், விழாநாளில் விளக்கேற்றியும் போற்றி வந்தனர்.

1801-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுக் கிளார்க்கு என்னும் அறிஞர் ஆட்சியாளரிடம் அனுமதி பெற்று அச்சிலையை எடுத்துச் செல்ல வந்தார். ஊரார் வருந்தினர், எடுப்பதற்கு முன்னாள் எருது ஒன்று அவிழ்த்துக்கொண்டு வந்து அச்சிலையை முட்டியதைத் தீக்குறியாகக் கண்டு அஞ்சினர். எனினும் சிலை போயிற்று. ஏற்றிச் சென்ற கப்பல் இங்கிலாந்துக் கரையருகில் உடைந்தும், சிலை மீட்கப்பெற்றுக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. இன்றும் அந்நகர்க் காட்சிச்சாலையில் உளது. கிளார்க்கு என்பார் அதனை டெமீட்டர் தேவியே என்று கருதினர். பின்வந்த ஆராய்ச்சியால் அது தேவியின் உருவமன்று, கோயில் வாயிலைத் தாங்கி, தலைமேற் புனிதப்பேழை சுமந்து நின்ற பெண்ணுருவங்கள் இரண்டனுள் ஒன்று என்பது தெளிவாயிற்று. மற்றொன்று எலூசிஸ் காட்சிச்சாலையிலேயே இருக்கின்றது.

ஈண்டு எழும் ஆசங்கை யாது? அவ்வூரார் தேவியென்று கொண்டது தேவியன்று, வாயிற்றூணே. ஆகவே அவர்தம் வழிபாடு வீணாயிற்றன்றோ எனின், அற்றன்று. வழிபடுவோர் எவ்வுருவைக் கருதி வழிபடினும், அதனை ஏற்றுப் பயன் அளிப்போர் அம்மையொடு கூடிய முதல்வரே என்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் காட்டிய துணிபு. ஏற்கப்படுவது கல்லின் பெயரன்று, அன்பின் பொருள். இதனால் அறியப்படுவது: அறிவிற் பிழை நேரின் அறியப்படும் பொருள் தவறிப்போம், அன்பின் நெறியிற் பெயர் பிழைப்பினும் பயன் தவறுவதில்லை. ஆயின் அறிவை இகழ்தல் எம் கருத்தன்று. முன்னை அறிஞர் பிழையைத் திருத்தியதும் பின்னை அறிஞரேயன்றோ? ஆண்டு, அளவு, உலோகம், மரபு என்பவற்றை அறிதல் பாசஞானத்தின்பாற் படும். அஃது ஏணியின் கீழ்ப்படி, காலிடுதற்கு இன்றியமையாதது, நின்றுவிடுதற்கு உரியதன்று.

இனி நம் வினாவின் முதற்பகுதிக்கு வருவாம். காட்சிச்சாலைத் திருமேனியில் முதல்வன் உளனோ?

எங்கும் நிறைந்தவன் ஆகலின் ஆண்டும் உளன். ஆகவே காட்சிச்சாலையும் கோயிலும் ஒன்றே என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. பால் பசுவின் உடலெங்கும் பரந்ததாயினும் மடியன்றிக் கொம்பிற் கறப்பார் இலர். பூசை அற்றவிடத்து அது வெறுஞ் செம்பே என்பார் மற்றொருசாரார். அதுவும் பொருந்தாது. பூசை இடையறவு பட்டவிடத்துச் செய்தற்குரிய கழுவாயையும் மீளக் குடமுழுக்குச் செய்யும் முறையையும் ஆகமங்கள் விதித்தன. வெறுஞ் செம்பாயின் கழுவாய் எற்றுக்கு? குற்றம் நம்முடையது, திருமேனியினது அன்று என்பதனாலன்றோ கழுவாய் நமக்கு விதிக்கப்பட்டது?

உண்மை யாதெனின், இருத்தல் வேறு, விளங்குதல் வேறு என்பதே. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் முதல்வனெனவே கண்டு வழிபடுமாறு பணித்து, அன்புடையாரிடத்துத் தயிரில் நெய்போல அவன் விளங்குவன் என்றும், பாசத்தில் அழுந்தினார்க்கு விளங்கான் என்றும் உவமை முகத்தால் தெளிவித்தருளினார். பாலினும் நெய் உண்டு, தயிரினும் உண்டு. ஆயின் தயிரிலே அது திரண்டு வெளிப்படும் நிலையில் உளது. பால் தயிராதற்கு உறை வேண்டும். அவ்வுறை யாது? மந்திரமும் கிரியையும் பாவனையும். அவை மூன்றனையும் உயிர்ப்பிக்கும் அன்பு. ஆகவே, காட்சிச்சாலையில் முதல்வன் இலன் என்றல் தவறு; கோயிலிற்போல விளங்குகின்றான் என்றலும் தவறு. இருப்பு அவனுடையது. விளக்கம் உறையிடுவாராகிய நம்மை நோக்கிக் காத்திருப்பது.

அற்றேல், கோயிலை இடம்பெயர்த்தலும் திருமேனியை இடம்பெயர்த்தலும் ஒரே தன்மையவோ எனின், அல்ல. ஆகமம் இடம்பெயர்த்தலை அறியாததன்று. திருப்பணிக்காலத்து மூலத் திருமேனியினின்று கலாகர்ஷணம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளுவித்துப் பின்னர் மீளக் கொணர்தல் நாம் அறிந்ததே. திருவெண்பாக்கம் நீரினுள் மறைந்தது. பூண்டியில் ஊன்றீசுவரர் குடமுழுக்குப் பெற்றனர். நிலம் மாறிற்று, வழிபாடு தொடர்ந்தது. எழும்பூருக்கு வந்த திருமேனிகட்கோ இடம் கிடைத்தது, காவல் கிடைத்தது. வழிபாட்டுத் தொடர்ச்சி கிடைத்திலது. வேறுபாடு இதுவே.

இதுபற்றிக் காட்சிச்சாலையாரை வைதல் முறையன்று. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டத்தின்படி, உழுத நிலத்தினும் தோண்டிய குழியினும் கிடைத்த எத்துணையோ திருமேனிகள் அவ்விடத்தை அடைந்தன. அவர் எடுத்துக் காவாதிருந்திருப்பின் பல உருக்கப்பட்டிருக்கும். பல கடல் கடந்திருக்கும். கடல் கடந்து சென்ற பத்தூர் நடராசர் செய்தி பலரும் அறிவர். 1976-ஆம் ஆண்டில் நிலத்தினின்று வெளிப்பட்ட அத்திருமேனி இலண்டன் நகரை அடைந்தது. அதனை மீட்டற்கு நிகழ்ந்த வழக்கில், பாழ்பட்டுக் கிடந்த கோயிலையே வழக்காடும் உரிமையுடையதாக ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. திருமேனியும் நம் நாடு திரும்பிற்று. பூசையும் கூரையும் அற்றுப்போயினும் கோயில் கோயிலே என்று பிறநாட்டு நீதிபதிகள் கூறினர். அதனை நாம் அல்லவா அவர்க்குக் கூறியிருத்தல் வேண்டும்?

இன்றும், கோயில்களிற் காவல் இன்மையால் ஆயிரக்கணக்கான செப்புத் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களிற் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை காட்சிப்பொருளும் ஆகாமல், வழிபடுபொருளும் ஆகாமல் இருளில் இருக்கின்றன. அவற்றுக்குரிய கோயில்களின் ஊரார் எங்கே? பிழைப்பு நாடிப் பெயர்ந்தனர். அங்ஙனம் பெயர்ந்தாரை இம்மாவட்டத்து வடபாலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிற் காணலாம். தம் ஊர்க் கோயிலை விட்டு வந்தோர் அவர். அவர் வந்து தங்கிய ஊர்களிலும் விளக்கில்லாக் கோயில்கள் இருத்தல் கூடும். அக்கோயில் எம்முடையதன்று என்று அவர் கூறின், எவருடையது? திருவெண்பாக்கத்து இறைவர் தம் இடம்விட்டுப் புதிய இடத்து இருந்தருளுதலைக் கண்டும், இடம் மாறினார்க்கு வழிபாடு இல்லை என்று கூறல் ஒவ்வுமோ?

இனி, மாணவர் கேட்ட வினாவுக்கு விடை இது: காட்சிச்சாலையில் வணங்கலாம். ஆரவாரமின்றி, பிறர் காட்சிக்கும் பொருளின் காவலுக்கும் ஊறின்றி, மானதமாக வணங்குக. நீரும் நெய்யும் மலரும் ஆண்டு வேண்டா. அவற்றுக்குரிய இடம் கோயில். வணங்குதலிற் குற்றமில்லை; வணங்கி அவ்வளவில் அமைதலிற் குற்றமுண்டு. பெயர்ச்சீட்டில் உள்ள ஊர்ப்பெயரைப் படிக்க. அவ்வூருக்குச் செல்க. செல்லவியலாதார் தம் இருப்பிடத்துக்கு அணித்தாகப் பூசை குன்றிய கோயில் ஒன்றனைத் தேடி, ஒருவேளை விளக்குக்கேனும் பொறுப்பேற்க. மடங்களைச் சார்ந்த அன்பர்கள், திருமேனி இழந்த கோயில்களையும் கோயில் இழந்த திருமேனிகளையும் ஊர்தோறும் கணக்கெடுத்து, எங்கெங்கு மீளப் பிரதிட்டை இயலும் என்று ஆராய முற்படுவாராயின் அது பெருஞ்சிவபுண்ணியமாம்.

முடிவாக, இரண்டு வினாக்கள் நம்முன் நிற்கின்றன. ஒன்று நம்பியாரூரர் வெண்பாக்கத்திற் கேட்டது: இறைவ, நீ ஈண்டு உளையோ? உடற்கண்ணுக்கும் பாச அறிவுக்கும் எட்டாத ஒருவனை அவ்விரண்டன் துணையுமின்றிக் கேட்டமையின் அவர்க்கு விடை கிடைத்தது. கண்ணுடைய நாமோ பெயர்ச்சீட்டைப் படித்துக் கேளாதே செல்கின்றோம். மற்றொன்று அம்முதிய அம்மையார் எழும்பூரிற் கேட்டது: அங்கே விளக்கு எரிகிறதா? முன்னதற்கு விடை இறைவனுடையது. அவன் என்றும் உளன் என்றே கூறுவன். பின்னதற்கு விடை நம்முடையது. அவ்விடையை ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், மாலைப்பொழுதில், எண்ணெயும் திரியும் கையிற்கொண்டு சென்று கூறுதல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.